43-ஆம் எண்ணைப் பார்

பிட்ஸ்பர்க்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா? இங்கே கணுக்கால் மூழ்கப் பனி கிடக்கிறது. நான் எழுந்து வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில்தான் இந்த ஊர்க் கால்பந்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

முதலில் எல்லாம் வெறும் தள்ளுமுள்ளாகத் தெரிந்தது. பெரியவர் ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டு, "பந்தை விடு, 43-ஆம் எண்ணைப் பார்" என்றார். ட்ராய் பொலமாலு. சமோவா வம்சாவளி. 2003-இல் இந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸுக்கு வந்தவர், 12 பருவமும் இங்கேயே ஆடினார். தலைக்கவசத்துக்கு வெளியே சுருட்டை முடி தோளைத் தாண்டிப் புரளும். 2006-இல் எதிரணிக்காரர் ஒருவர் அந்த முடியைப் பிடித்தே இழுத்துச் சாய்த்துவிட்டார். முடியைப் பிடித்து வீழ்த்துவது விதிப்படி தப்பில்லையாம். அம்மாவிடம் சொல்லுங்கள், பதறிப்போவாள்.

அவருடைய இடம் சேஃப்டி. எல்லாருக்கும் பின்னால் நின்று, தப்பி வருகிறவனை மறிக்க வேண்டிய காவல். ஆனால் அவர் ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். 2010 டிசம்பரில் பால்டிமோரில் ஓர் ஆட்டம். ஸ்டீலர்ஸ் 6-10 என்று பின்தங்கியிருக்கிறது, மூன்று நிமிடம்போலத்தான் மிச்சம். எதிரணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், எறியக் கை ஓங்குகிறார். ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார் பொலமாலு. பந்து தெறித்தது, கூட்டாளி ஒருவர் அள்ளிக்கொண்டு ஓடினார், கடைசியில் 13-10 என்று ஜெயித்துவிட்டார்கள். அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். பெரியவர் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் போட்டார். மூன்றாம் தடவைதான் பொலமாலு எங்கிருந்து வந்தார் என்பதே எனக்குப் பிடிபட்டது.

அப்போது உங்கள் நினைப்பு வந்துவிட்டது அப்பா. பொங்கல் சடுகுடுவில் பாடி வருகிறவனைப் பார்த்துத்தான் எல்லாரும் கத்துவார்கள். நீங்கள் மூலையில் சத்தமில்லாமல் குனிந்து நிற்பீர்கள். அவன் திரும்புகிற நொடியில் கணுக்காலில் உங்கள் கை விழுந்திருக்கும்.

பொலமாலு இரண்டு சூப்பர் பௌல், அதாவது பருவத்தின் இறுதிப் போட்டி, வென்றவர்; 2020-இல் இந்த ஆட்டத்தின் புகழ் மன்றத்துக்குத் தேர்வானவர். ஆனால் பேட்டியைக் கேட்டால், களத்தில் அப்படி மோதுகிற மனிதரா இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார் என்று இருக்கிறது. பெரியவருக்கு அவரைப் பிடிக்க அதுவும் ஒரு காரணம். எனக்கும்தான்.

பார்சலில் ஒரு மஞ்சள் துண்டு அனுப்பியிருக்கிறேன். ஆட்டத்தன்று அரங்கமே இதைத்தான் சுழற்றும். 1975-லிருந்து வருகிற வழக்கம். அப்புறம், உங்கள் பிடியைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். எந்தக் காலை முன்னால் வைத்து நிற்பார் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறக்காமல் எழுதுங்கள்.

அன்பு மகள்