அப்பத்தா முழங்கால் நல்லா இருக்கு

கண்ணு,

போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல "சரிம்மா, அப்புறம் பேசறேன்"னு வெச்சுடறே. அதான் எழுதறேன். இதைப் படிக்கறப்போ செல்போன் வெளிச்சம் கண்ணைக் கூசுச்சுன்னா அக்காகிட்ட சொல்லு, படிச்சு வாய்ஸ்ல அனுப்பச் சொல்றேன். கூசலேன்னா நீயே படி. எதுன்னு எனக்குத் தெரியணும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். நல்ல மழை, நொய்யல்ல தண்ணி போகுது. பட்டறைக்குப் பெரிய மேஸ்திரியோட பையன் வேலைக்கு வந்திருக்கான், கை சுத்தமான கை. போன ஞாயிறு நம்ம கரி ஸ்பீட்வே டிராக்ல சின்னப் பசங்களுக்கு கார்ட்டிங் இருந்துச்சு. அப்பா காலையில போனவர் பொழுது சாயற வரைக்கும் வெயில்ல நின்னுட்டு வந்தார். தொப்பி போடுங்கன்னா கேக்கறதில்லை. உங்க வம்சத்துல தலையைப் பத்திச் சொன்னா மட்டும் ஒருத்தருக்கும் காது கேக்காது.

தூங்கறியா? நேரத்துக்குத் தூங்கு. ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸாப்ல பச்சைப் புள்ளி தெரியுது. அங்கே ஒரு மணின்னா இங்கே விடிஞ்சுடும், நான் எந்திரிச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கேன்.

இங்கிலாந்துல நீ ஓட்டின அந்த பிராண்ட்ஸ் ஹாட்ச் ரேஸை நாங்க ஹால்ல உக்காந்து லைவ்ல பாத்தோம். டிரூயிட்ஸ் வளைவுல பிரேக்கை அவ்வளவு தாமதமாப் பிடிச்சு உள்பக்கமா முந்தினே பாரு, அப்பா சோபாவை விட்டு எந்திரிச்சு நின்னுட்டார். அப்பத்தாவுக்கு எது உன் கார்னே தெரியாது, இருந்தாலும் "அப்பனை உரிச்சு வெச்சிருக்கான்"னு சொல்லி முடிச்சுட்டாங்க. எனக்கும் பெருமைதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். சோழவரத்துல அந்த விமான ஓடுதளத்துல அப்பாரு ஓட்டின நம்பர் உன் ஹெல்மெட்ல இருக்கறதை கேமரா கிட்டப் போய்க் காட்டினப்போ நான் அழுதேன். அப்பா பாக்கலை.

அப்புறம் பேடக் ஹில் இறக்கத்துல பின்னாடி வந்தவன் தொட்டதையும் பாத்தோம். கார் சரளைக்கல்லைத் தாண்டி டயர் சுவர்ல போய் மோதினதையும் பாத்தோம். நீயா இறங்கி நடந்தே. "பாத்தியா, நடக்கறான்"னு அப்பா சொன்னார். எப்படி நடந்தேன்னு நான் பாத்தேன். அந்த மார்ஷல் தோளை விட்டு நீ கையை எடுக்கவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி நீயே கூப்பிட்டே, சந்தோஷம். "ஒண்ணுமில்லைம்மா, காருக்குத்தான் அடி"ன்னே. சரின்னுட்டேன். அப்பத்தா முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டே, நல்லா இருக்கு, ஊசி போட்டாச்சுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டே. மறதின்னு விட்டுட்டேன். போனை வைக்கறதுக்கு முன்னாடி மூணாவது தடவையா அதையே அதே குரல்ல கேட்டே.

எழுத்துல இருந்தா மறக்காதுன்னு மேலேயே எழுதி வெச்சிருக்கேன். அப்பத்தா முழங்கால் நல்லா இருக்கு.

அக்காவைத் திட்டாதே. "அம்மாகிட்ட சொல்லாதே"ன்னு நீ சொன்னியாம், அவ சொல்லவும் இல்லை. அவ பேச்சை மாத்தின விதத்துலயே எனக்குப் பாதி புரிஞ்சுபோச்சு. சின்ன வயசுல காய்ச்சல்னாகூட தெர்மாமீட்டரை என்கிட்ட நீட்டுவே, இப்போ ஊரு கடல் தாண்டினதும் நான் மூணாம் மனுஷி ஆயிட்டேனாக்கும். சரி விடு.

பரண் சுத்தம் பண்ணினப்போ உன் பழைய பீரோ கதவு கிடைச்சுது. அமெரிக்காவுல சார்லட்ல இருக்கற சித்தப்பா கொண்டாந்து குடுத்த 8ஆம் நம்பர் ஸ்டிக்கர் இன்னும் அதுல ஒட்டியிருக்கு. ஓரத்தை நகத்தால சுரண்டிப் பாத்தேன், வரலை. அந்த ரேஸ்காரன் பேரு எர்ன்ஹார்ட்னு உனக்கு வாய்ல வராம "ஏனாட்டு, ஏனாட்டு"ன்னு கத்திக்கிட்டு வீடு பூரா ஓடுவே. தாத்தா, அப்பன், மகன்னு மூணு தலைமுறையும் ரேஸ், அவங்களும் நம்மளை மாதிரின்னு சித்தப்பா சொல்லுவார். அந்த அப்பன் அங்கே நாஸ்கார்னு சொல்ற பெரிய கார் ரேஸ் கப்ல ஏழு தடவை சாம்பியன். 2001 பிப்ரவரியில டேடோனாவுல கடைசி லேப்ல சுவர்ல மோதிப் போய்ச் சேந்தார். அதே ரேஸ்ல மகன் ரெண்டாவதா வந்தான். ஜூலையில அதே டிராக்குக்குத் திரும்பிப் போய் ஜெயிச்சான். இவ்வளவும் உனக்கு மனப்பாடம், ஸ்டிக்கர் ஒட்டின வயசுல எங்களுக்கே பாடம் எடுப்பே.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் ஸ்டிக்கர் போட்டு ஒட்டறதில்லை. அந்த மகனுக்கு 2002ல ஒரு ரேஸ்ல தலையில அடி. மூளை அதிர்ச்சின்னு வெளியே சொல்லாமலே பல மாசம் ஓட்டினான். 2012ல மறுபடியும் அடி, அந்தத் தடவை ரெண்டு ரேஸ் உக்காந்தான். அப்புறம் சின்னதும் பெருசுமா விழுந்த அடியையெல்லாம் வெளியே சொல்லாம, என்னைக்கு என்ன பண்ணுச்சுன்னு போன்ல குறிச்சு மட்டும் வெச்சிருந்தானாம். 2016ல கண்ணு ஒரு இடத்துல நிக்காம, நடந்தா தள்ளாடி, பாதி சீசனை விட்டுட்டு பிட்ஸ்பர்க்ல டாக்டர்கிட்ட போய் கண்ணுக்கும் நடைக்கும் பயிற்சி எடுத்தான். 2017 முடிஞ்சதும் முழுநேர ரேஸை விட்டுட்டான். அப்பன் ஏழு தடவை ஜெயிச்ச அந்தக் கப்பை இவன் ஒரு தடவைகூட ஜெயிக்கலை. இருந்தாலும் தொடர்ந்து 15 வருஷம் ஜனங்க ஓட்டுப் போட்டு எங்களுக்குப் பிடிச்ச டிரைவர் இவன்தான்னாங்க. இப்போ டீவியில உக்காந்து பேசறான், பிள்ளை குட்டியோட இருக்கான்.

நான் படிச்சதை எழுதறேன், வேற ஒண்ணுமில்லை.

அந்த அப்பன் செத்த வருஷமே அங்கே, மோதினா தலையும் கழுத்தும் முன்னாடி போகாம பிடிக்கற ஹான்ஸ் மாதிரி பட்டையைக் கட்டாயமாக்கினாங்க. இப்போ நீயும் ஹான்ஸ் போடறே. போன தடவை வந்தப்போ மேசை மேல வெச்சு, இது இருக்கறப்போ பயப்படாதேம்மான்னு எனக்கு விளக்கினே. அது கழுத்தைப் பிடிக்கும் கண்ணு. மண்டை நின்ன பிறகும் உள்ளே மூளை நிக்காம போய் இடிக்குதே, அதை எந்தப் பட்டை போட்டுப் பிடிக்கறது? ஹெல்மெட்ல கீறல் இல்லேன்னு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கே. ஹெல்மெட்டை நான் கேக்கலை.

ஃபார்முலா ஒன் ஓட்டற அலோன்சோவை எடுத்துக்கோ. 2015ல பார்சிலோனாவுல டெஸ்ட்ல மோதினார். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னாங்க. இருந்தாலும், இவ்வளவு சீக்கிரம் இன்னொரு அடி படக்கூடாதுன்னு டாக்டருங்க சொன்னதால மெல்போர்ன் ரேஸை விட்டுட்டு மலேசியாவுக்குத்தான் திரும்பினார். ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆன மனுஷன். யாராவது அவரைக் கோழைன்னாங்களா? நாப்பது தாண்டியும் ஓட்டிட்டுத்தானே இருந்தார்.

நம்ம ஊர்க்காரர் கதையே இருக்கே. 2005ல நரேன் கார்த்திகேயன் மெல்போர்ன்ல முதல் ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டின ஞாயித்துக்கிழமை, தெருவே நம்ம ஹால்ல இருந்துச்சு. நீ அப்பா தோள் மேல. பதினஞ்சாவதா வந்தாலும் ஏதோ கப்பை ஜெயிச்ச மாதிரி அப்பா ஸ்வீட் வாங்கிட்டு வந்தார். அதே வருஷம் இண்டியானாபொலிஸ்ல நாலாவதா வந்து பாயிண்ட் வாங்கினார், அதை இன்னிக்கும் கோயமுத்தூர் பேசுது, பேசணும். நான் நினைச்சுக்கறது அன்னிக்கு ஓட்டாம விலகின 14 காரை. டயர் தாங்காதுன்னு தெரிஞ்சதும், ரேஸ் தொடங்கறதுக்கு முன்னாடி சுத்தற ஃபார்மேஷன் லேப்போட பிட்டுக்குள்ள திரும்பிட்டாங்க. லட்சம் ஜனம் கூச்சல் போட்டுச்சு, பாட்டிலை வீசுச்சு. ஆனா அடுத்த ரேஸ்ல அந்த டீமெல்லாம் மறுபடி கிரிட்ல நின்னுச்சு.

தண்ணி நிறையக் குடி. நேரத்துக்குத் தூங்கு. ஜிம்முக்குப் போகாதே, சிமுலேட்டர்ல உக்காரவே உக்காராதே.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். கே-1000 ராலியில நாங்க பாதியில நின்ன கதை உனக்குத் தெரியும். விருந்தாளி வந்தா அப்பா அதைச் சொல்லாம விட மாட்டார். ரெண்டாவது இடத்துல இருந்தோம், விடிஞ்சா ஜெயிச்சிருப்போம், ஜிப்சி இன்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டர் போயிடுச்சு, அதானே?

டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒண்ணும் ஆகலை. இருட்டுல ஒரு பாலத்துக் கட்டையில முன்சக்கரம் ஏறி இறங்கினப்போ அவர் தலை ரோல் கேஜ்ல மோதுச்சு. வண்டி ஓடிட்டுத்தான் இருந்துச்சு, அவரும் ஓட்டிட்டுத்தான் இருந்தார், கியர் மாத்தறது ஸ்டியரிங் திருப்பறது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. "அடுத்த டைம் கன்ட்ரோல் எவ்வளவு தூரம்?"னார். ட்ரிப் மீட்டரைப் பாத்துச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஆகலை, "அடுத்த டைம் கன்ட்ரோல் எவ்வளவு தூரம்?"னார். மறுபடி சொன்னேன். மூணாவது தடவை கேட்டப்போ எனக்கு வயிறு கலங்கிப்போச்சு. நான் வலதுன்னு சொன்ன இடத்துல இடது பக்கம் திருப்பிட்டு, வலதுதானே திருப்பினேன்னார். வண்டி மெதுவான சமயம் பாத்து எட்டிச் சாவியை அணைச்சு உருவிட்டேன். டைம் கார்டை மார்ஷல்கிட்ட குடுத்து நாங்க விலகறோம்னு எழுதச் சொன்னேன். ரொம்ப நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. அந்த ராத்திரியில பாதி அவருக்கு நினைவே இல்லை, இன்னிக்கு வரைக்கும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர்னு அவர்தான் முதல்ல சொன்னார், நானும் மறுக்கலை. அந்த ராலிக்கு அப்புறம் அடுத்தடுத்த வருஷம் ஓட்டினோம், கப்பும் வாங்கினோம். ஷோகேஸ்ல மேல் தட்டுல இருக்கறதெல்லாம் அதுக்கப்புறம் வாங்கினதுதான்.

நான் டாக்டர் இல்லை. ஆனா அதே கேள்வி, அதே குரல்ல, மூணு தடவை வந்தா எனக்குத் தெரியும். அப்போ நான் பக்கத்து சீட்டுல இருந்தேன், கை எட்டுச்சு.

செட்டிபாளையத்துக் காட்டை வித்தது உன் மனசுல இருக்குன்னு தெரியும். டாக்டர் காதுல போட்டா லைசன்ஸை நிறுத்தி வெப்பாங்க, டானிங்டன் ரேஸ் போகும், அப்புறம் அடுத்த வருஷ சீட்டும் போகும்னு கணக்குப் போடுவே. போகட்டும். காடு போனதுக்கு ஈடா நீ மண்டையை அடமானம் வைக்கணும்னு இங்கே ஒருத்தரும் கேக்கலை. காட்டை வித்தது நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டு, நல்ல நினைப்போட. கிணத்துல தண்ணி வத்தி அதுல வருஷக்கணக்கா சோளம்கூட வெளையலை, அதுவும் ஞாபகம் வெச்சுக்கோ. ரேஸே வேண்டாம்னு சொல்ற அம்மா நான் இல்லை. அப்படிச் சொல்றவளா இருந்தா உங்கப்பாவைக் கட்டியிருக்க மாட்டேன். ஆறிட்டு ஓட்டு. நூறு ரேஸ் ஓட்டு.

டீம் டாக்டர் வேண்டாம், ரேஸுக்குச் சம்பந்தமில்லாத நரம்பு டாக்டராப் பாரு. மோதினதுலேருந்து என்னென்ன பண்ணுதுன்னு, கூச்சம் பாக்காம, வாந்தி வந்திருந்தா வாந்தின்னு சொல்லு. ஸ்கேன் சுத்தமா இருக்குன்னு சொன்னா அதோட எந்திரிச்சு வந்துடாதே, இந்த அடி பல சமயம் ஸ்கேன்ல தெரியறதில்லையாம். எப்போ மறுபடி கார்ல உக்காரலாம்னு அவங்க வாயால சொல்லி, எழுதியும் வாங்கிக்கோ. அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஹெல்மெட் போட்டோ அனுப்பத் தெரிஞ்ச உனக்கு இதுவும் தெரியும்.

என் விசாவுக்கு இன்னும் நாள் இருக்கு. டிக்கெட்டும் பாத்து வெச்சிருக்கேன், அக்காதான் எடுத்துத் தர்றா. நான் வந்தா ஜன்னலுக்குத் திரை போட்டு வெச்சுட்டு "வெயில் ஜாஸ்திம்மா"ன்னு கதை விடாதே, அந்த ஊர் வெயில் எனக்குத் தெரியும்.

அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. வர்ற வியாழக்கிழமை வரைக்கும் பொறுப்பேன், அதுக்குள்ள நீயே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிடு. உள்ளதை உள்ளபடி சொல்லு. டிஸ்ட்ரிபியூட்டர் கதையெல்லாம் அவர்கிட்ட செல்லாது, அதைக் கண்டுபிடிச்சவரே அவர்தான்.

அம்மா