அறையில் கூடப் படுப்பவருக்கும் டிபி பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய் ஒழிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை நோயாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்று ஆபத்து அதிகமுள்ளவர்களைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் எங்கள் திருப்பூரின் பனியன் கம்பெனி விடுதிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு ஆய்வகத்தில் சளிப் பரிசோதனை செய்தே ஓய்வு பெற்றவன் நான். இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஜார்க்கண்ட், ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் தங்கும் அறைகளைப் போய்ப் பார்த்தால் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன பாயில் நைட் ஷிப்டுக்காரர் வந்து படுக்கிறார். கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடுகிறது. மிச்சத்தில் சோறும் உருளைக்கிழங்கும்தான். காற்றில் பரவும் கிருமி, அடைத்த அறை, சத்தில்லாத உடம்பு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன.

இவர்களில் ஒருவருக்கு டிபி என்று உறுதியானால் என்ன நடக்கிறது? “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்கிறார்கள். அப்பா, அம்மா, தங்கை என்று ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர்களை அவர் சொல்கிறார். படிவம் நிரம்பிவிடுகிறது. பக்கத்துப் பாயில் படுப்பவரின் பெயர் எங்கும் ஏறுவதில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஓர் இரவு ஒரே அறையில் தங்கியிருந்தாலே அவரையும் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று கிருமி பார்ப்பதில்லை.

காசநோய்ப் பரிசோதனை முகாம்களில் முதல் கேள்வி, “ரெண்டு வாரமாக இருமல் இருக்கா?” இல்லை என்றால் அனுப்பிவிடுகிறார்கள். வேலை போய்விடும், அறையை விட்டு விரட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் இருப்பவர் இருமல் இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வார். உண்மையிலேயே இருமல் இல்லாதவர்களும் ஏராளம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் நூறு நோயாளிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தப்பிப் போயிருப்பார்கள். இன்று கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. கேள்வி கேட்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விடுதி வாசலிலேயே எல்லோருக்கும் படம் எடுக்கலாம்.

சளி டெஸ்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பாவைக் கையில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் போல நுரைத்துக் கிடக்கும். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்தால்தான் கெட்டியான சளி வரும். இதை அவர்களுக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்வதில்லை. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கும் ட்ரூநாட், சிபிநாட் என்று எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், உள்ளே எச்சிலைப் போட்டால் நோய் பிடிபடாமல் போக இடமிருக்கிறது. அந்த ‘நெகட்டிவ்’ சீட்டை நம்பி அவர் மறுபடி அதே அறைக்குத்தான் போகிறார்.

கிருமி உள்ளே இருந்தும் நோயாக மாறாதவர்கள் யாருக்கும் பரப்புவதில்லை. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோய் வரும். தொற்றிய முதல் இரண்டு வருடத்தில்தான் ஆபத்து அதிகம். சத்துக் குறைந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். இப்படி நோயாக மாறாமல் உள்ளே இருக்கும் தொற்றைக் கண்டுபிடிக்கத் தோலில் ஊசி போடும் சோதனை இருக்கிறது. ஆனால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வந்து கையைக் காட்ட வேண்டும். ஊசி போட்ட இடத்தின் சிவப்பை அளந்தால் தப்பு, தடிப்பைத்தான் தடவிப் பார்த்து ஸ்கேலால் அளக்க வேண்டும். புதன்கிழமை ஊசி போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வா என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தத் தொழிலாளி வருவார்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதிக்கே போய் ஊசி போடுங்கள். ஞாயிறு சாயங்காலம் அங்கேயே போய் அளந்து பாருங்கள். நோய் இல்லை, தொற்று மட்டும்தான் என்று உறுதியானவர்களுக்கு வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம் சாப்பிடும் தடுப்பு மாத்திரை இருக்கிறது. அதையும் ஞாயிற்றுக்கிழமையிலேயே கொடுத்துவிடலாம். ஆறு மாதம் தினமும் சாப்பிடு என்றால் பாதியில் ஊருக்குப் போய்விடுவார்கள். சோதனை செய்ய வசதி இல்லை என்ற காரணத்துக்காக, நோயாளியோடு தங்கியிருந்தவருக்குத் தடுப்பு மாத்திரையை மறுக்கவும் கூடாது. எக்ஸ்ரேயில் நோய் இல்லை என்று பார்த்துவிட்டால் போதும்.

சாப்பாடு பற்றி ஜார்க்கண்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நோயாளியின் வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் முடிவுகள் வெளியாகின. இங்கே நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது, நல்லதுதான். கூட இருப்பவர்களின் தட்டிலும் பருப்பு விழ வேண்டும். கம்பெனி மெஸ்ஸில் தினம் ஒரு முட்டை போடுவது முதலாளிகளுக்குப் பெரிய செலவில்லை.

முதலாளிகளிடம் இன்னொரு வேண்டுகோள். சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை பெருமளவு குறைந்துவிடும். நோய் என்று தெரிந்ததும் கணக்கு முடித்து ரயிலேற்றிவிடாதீர்கள். நோய் வந்தவரின் வேலை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்தவர் தைரியமாக எக்ஸ்ரேக்கு வந்து நிற்பார்.

மாவட்ட காசநோய்த் துறையினர் உடனடியாகச் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. விடுதி முகவரி கொடுத்திருக்கும் ஒவ்வொரு நோயாளியின் படிவத்தையும் எடுத்து, கூடத் தங்கியவர்களின் பெயர்களை அந்த அறைக்கே போய்க் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திருப்பூர்.