செம்பருத்தி வேண்டாம் என்று சொன்னேன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் மகள் பிள்ளைகள் இரண்டும் விடுமுறைக்கு வந்து இறங்கிவிட்டன, அப்புறம் பேனா எங்கே என்றே தெரியவில்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அடுத்த வரியிலேயே ஒரு நாளைக்கு நாலு முறை மாடிக்கு ஏறி இறங்குகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். உன்னைத் திருத்த முடியாதுடி.

பேத்தி கையிலிருந்து போனை வாங்கிவிட்டு வேறு என்ன கொடுப்பது என்று கேட்டிருந்தாயே, நான் இந்தத் தடவை பூக்களைக் கொடுத்தேன். அழுத்திக் காயவைத்துப் பாடம் செய்து அட்டையில் ஒட்டுவது, அவ்வளவுதான். இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? கல்லூரியில் ஹெர்பேரியம், அதான் அந்தக் காய்ந்த செடித் தொகுப்பு, ஒப்படைக்க வேண்டியதற்கு முந்தின ராத்திரி, விடுதி அறையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து நீ இருபது இலைகளைத் தேய்த்துக் காயவைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கு என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினாய், அதையும் மறக்கவில்லை.

பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஐந்து. பனி உலர்ந்து வெயில் ஏறத் தொடங்கும் நேரமாகப் பார்த்துப் பறிக்கக் கூட்டிப்போனேன், ஈரத்தோடு பறித்தால் பூஞ்சைதான் மிஞ்சும். அரளிப் பக்கம் மட்டும் போகக்கூடாது, அதன் பால் கையில் பட்டு வாய்க்குப் போனால் ஆபத்து என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றபடி அவரவர் இஷ்டம். பெரியவள் காகிதப்பூவை எடுத்தாள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல பூ கிடையாது, பாதி காய்ந்த மாதிரியேதான் செடியில் இருக்கிறது. கலராக இருப்பதெல்லாம் இலைதான், நடுவில் குச்சி மாதிரி நிற்கிற சின்ன வெள்ளைதான் பூ என்றேன். நம்பவில்லை. லென்ஸைக் கொடுத்து, அந்தச் சிவப்பில் ஓடுகிற நரம்பைக் காட்டியபிறகு, 'அப்போ இத்தனை நாளா ஏமாத்திட்டிருக்கா?' என்று செடியைப் பார்த்துக் கேட்டாள்.

சின்னவன் செம்பருத்தி. சரிப்பட்டு வராதுடா, வழவழப்பு அதிகம், தாளோடு ஒட்டிக்கொள்ளும், சிவப்பும் கறுத்துப்போகும் என்று எல்லாம் சொன்னேன். உதடு பிதுங்கியது. சரி, வை என்று விட்டுவிட்டேன்.

அழுத்துவதற்குப் பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்று இருந்தது. தாள் மெலிசு, ஈரத்தை நன்றாக இழுக்கும். பூவின் மேலும் கீழும் ஒரு வெள்ளைத் தாள் மட்டும் போட்டேன், இல்லாவிட்டால் மை ஏறிவிடும். டிஷ்யூ தாள் வைப்பதானால் புள்ளி அச்சு இல்லாததாகப் பார்த்து வை. நான் கவனிக்காமல் வைத்த ஒரு பூவில் அந்தப் புள்ளியெல்லாம் அப்படியே பதிந்து, அம்மை போட்ட மாதிரி வந்தது. சாமந்தி போலத் தடியாக இருப்பதை முழுசாக வைக்காதே, இதழ் இதழாகப் பிரித்து வைத்து, ஒட்டும்போது மறுபடி பூவாக்கிக்கொள்ளலாம். முதல் ஒரு வாரம் ஈரத் தாளை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், அது தெரிந்ததுதானே.

கஷ்டம் அதில் இல்லை. இரண்டு மூன்று வாரம் காத்திருக்கவேண்டும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? காலையில் எழுந்ததும் டைரக்டரியைத் திறக்கிறான், மத்தியானம் திறக்கிறான், பூ நகர்கிறது, இதழ் மடங்குகிறது, அக்காக்காரி கத்துகிறாள். மூன்றாம் நாள் தனியாக ஒரு நோட்டைக் கொடுத்து, அதில் ஐந்து பூ வைத்து, இது 'பார்க்கிற நோட்டு', எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள் என்றேன். ஐந்தும் பாழாய்ப் போயின, அது எனக்குத் தெரியும். ஆனால் அதில்தான் அவன் எல்லாம் கற்றுக்கொண்டான். மஞ்சள் அப்படியே இருக்கிறது, சிவப்பு கறுக்கிறது, வெள்ளை பழுப்பாகிறது, பெரணி இலை எதற்கும் அசைவதில்லை என்று ஒவ்வொன்றாக வந்து எனக்கே பாடம் எடுத்தான். பொறுமை வரட்டும் என்று உபதேசம் செய்வதைவிட, கெடுத்துப் பார்க்க நாலு பூவைக் கொடுத்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மைக்ரோவேவிலும் கொஞ்சம் செய்தேன். இரண்டு ஓடுகளுக்கு நடுவே தாளோடு வைத்துக் கட்டி, சில விநாடிகள் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி. சீக்கிரம் காய்வதால் நிறம் நன்றாக நிற்கிறது. ஆனால் அந்த வேலை பெரியவர்கள் கையில்தான் இருக்கவேண்டும், ஓடு அப்படிச் சுடுகிறது.

காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டும் அவசரப்பட்டு நாலு அட்டையை லேமினேட் செய்யக் கொடுத்தேன், உள்ளே கொப்புளம் கொப்புளமாக வந்து, பூவெல்லாம் பழுப்பாகிவிட்டது. பெரியவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அப்படியே அவள் அம்மா.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, பல்குச்சி நுனியால் நடுவில் ஒரு பொட்டு, போதும். இந்தக் கட்டத்தில் பெரியவர்கள் அந்த இடத்திலேயே இருக்கக்கூடாது. என் மகள் வீடியோவில் வந்து, 'அந்த இலையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்து' என்று ஆரம்பித்தாள், நான் போனைத் திருப்பிவைத்துவிட்டேன். சின்னவன் எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்துத்தான் ஒட்டுகிறான். மீதி அட்டை எதற்கு என்றால், அது வானமாம்.

பெரியவள் பெயர், தேதி, பறித்த இடம் எல்லாம் எழுதுகிறாள், நாம் எழுதினோமே, அதே மாதிரி. தைத்த நோட்டில் ஒட்டிவிட்டு, பாதியில் வரிசையை மாற்றவேண்டும் என்று அழுகை. அந்தக் காலத்தில் செடிகளைப் புத்தகமாகவே கட்டிவைத்தார்கள், செடிகளுக்கெல்லாம் அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ்தான் தனித்தனித் தாளில் ஒட்டி அலமாரியில் வைத்தார், வேண்டியபோது இடம் மாற்றிக்கொண்டார், அந்தத் தாள்கள் இன்னும் லண்டனில் இருக்கின்றன என்றேன். அன்றிலிருந்து நோட்டு போய் உதிரி அட்டைகள் வந்துவிட்டன. கேட்டால் 'லின்னேயஸ் முறை' என்கிறாள்.

இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன், சின்னவன் உனக்காகச் செய்தது. மூலையில் கரிய ஊதாவில் கிழிந்த துணி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் செம்பருத்தி. தாளோடு ஒட்டிக்கொண்டதால் தாளையே கத்தரித்து ஒட்டிவிட்டான். ஜன்னல் பக்கம் வைத்துவிடாதே, வெயில் பட்டால் மிச்சமுள்ள நிறமும் போய்விடும். கிடைத்ததும் அவன் பெயருக்கு ஒரு வரி எழுதிப் போடு, இல்லாவிட்டால் தினம் தபால்காரரைக் கேட்டு என் உயிரை எடுத்துவிடுவான். உன் பேத்தி எந்தப் பூவைப் பறித்தாள் என்றும் எழுது.

உன்
பழைய அறைத்தோழி