உடைந்த ஷாப்ட்டும் உன் எம்.டெக்கும்

அன்பு அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு எம்.டெக் படிக்கப் போகலாமா என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு "உன் இஷ்டம் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அது பதிலே இல்லை என்று உறைத்தது. பட்டறையில் இன்று முழுக்கக் கரண்ட் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது ஒரு பம்ப்பின் ஷாப்ட், அந்தச் சுழலும் தண்டு, உடைந்து வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால், மணலில் அலை விட்டுப்போன தடம் போல வரிவரியாக இருந்தது. எல்லா வரியும் கீவே என்று தண்டில் வெட்டும் பள்ளத்தின் மூலையைச் சுற்றி வளைந்திருந்தது. "ஒரே அடியில் உடைஞ்சா வரி எப்படிப்பா வரும்?" என்று கேட்டாய். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியிருக்கிறது, மிச்சமிருந்த இரும்பு தாங்காமல் ஒரு நாள் விட்டுவிட்டது என்றேன். மூலையைக் கூராக விடாமல் ரேடியஸ் கொடுத்து, அதாவது சின்னதாக வளைத்துவிட்டால் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஏன் நிற்கிறது, எவ்வளவு கொடுத்தால் எத்தனை வருஷம் தாங்கும் என்று அடுத்துக் கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வருஷம் லேத் ஓட்டியவனுக்குக் கை சொல்லும், கணக்கு சொல்லாது.

நீ இப்போது படிக்கப் போகலாமா என்று யோசிப்பது அதே கேள்வியைத்தான். ஒரகடம் கம்பெனியில் உன் செக்‌ஷனில் உடைந்த பீஸ் வந்தால் ரிஜெக்ட் என்று எழுதி ஒதுக்கத்தான் உனக்கு நேரம் தருகிறார்கள், ஏன் உடைந்தது என்று பார்க்க விடுவதில்லை என்று நீயே சொன்னாய். அதற்காகப் போகிறாய் என்றால் போ, சாமி. ஆனால் போன மாதம் முழுக்க மேனேஜரைப் பற்றித்தான் பேசினாய். அந்தக் கோபம்தான் காரணம் என்றால், முதலில் கம்பெனியை மாற்றிப் பார். கோபத்துக்காகச் சேர்ந்த படிப்பு, கோபம் ஆறினதும் கசந்துவிடும்.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். டிப்ளமோ முடித்து வேலையில் இருந்தபோது ஏ.எம்.ஐ.இ. எழுதினேன்; வேலை பார்த்துக்கொண்டே இரண்டு பகுதியாக எழுதும் இன்ஜினியரிங் பரீட்சை அது. செக்‌ஷன் ஏ முழுக்கத் தேறினேன். செக்‌ஷன் பி-யும் முடித்திருந்தால் பி.இ.க்குச் சமம் என்று அப்போது கணக்கு. அத்தை கல்யாணம் வந்தது, தாத்தா படுக்கையில் விழுந்தார், லேத் வாங்கிய கடன் இருந்தது. அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டிக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் ஆறு மாதமாகத் தள்ளினேன். புத்தகங்கள் இன்னும் பரண்மேல்தான் இருக்கின்றன. வருத்தமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பணத்தைப் பேசிவிடுவோம். நீ எழுதி வைத்திருக்கும் கேட் நுழைவுத் தேர்வு மார்க்கை வைத்து எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இப்போது வாங்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான், ஹாஸ்டலில் இருந்தால் கை இறுக்கிச் சமாளிக்கலாம். வீட்டுக்கு நீ அனுப்பும் 15,000 ரூபாயை அன்றைக்கே நிறுத்திவிடு. அம்மாவும் நானும் பேசிவிட்டோம், ஜாப் ஒர்க் வருமானத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம்.

அமெரிக்காவுக்கு என்றால் 45 லட்சம் ஆகும் என்றாய். பேங்கில் விசாரித்தேன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்கிறார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்க நான் தயங்க மாட்டேன். என் பயம் வேறு. அத்தனை கடனோடு படித்தவள், முடித்ததும் எது சம்பளம் அதிகமோ அந்த வேலைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். விரிசலைப் பற்றி யோசிக்க மறுபடியும் நேரம் இருக்காது. அதனால் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., சென்னை ஐ.ஐ.டி. இரண்டுக்கும் முதலில் விண்ணப்பம் போடு. சென்னையில் ஆராய்ச்சியே பிரதானமான எம்.எஸ். ஒன்று இருக்கிறது, அதையும் பார். உனக்கு வகுப்பைவிட அதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

"இன்னும் படிக்க வச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைக்கு எங்கே போறது" என்று பெரியப்பா கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் கணக்கில் அதைச் சேர்க்காதே.

கேட் மார்க் மூன்று வருஷம்தான் செல்லும். அதில் இரண்டு வருஷ அட்மிஷனை நீ விட்டுவிட்டாய். வகுப்பு ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ தொடங்கும். உனக்கு நோட்டீஸ் இரண்டு மாதம் என்றாய், அப்படியென்றால் மே மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்காமல் ரூமைக் காலி செய்யாதே.

அந்த ஷாப்ட் துண்டு மேசை டிராயரில் கிடக்கிறது. துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போ.

அப்பா