பிள்ளையைக் குறை சொல்லும் முன் துப்பாக்கிக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைப் பகுதி மாணவர்கள் துப்பாக்கி சுடும் போட்டிகளில் பின்தங்குவதற்குப் பயிற்சி போதாததுதான் காரணம் என்று போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பயிற்சி இன்னும் வேண்டும், சரி. ஆனால் ராணுவத்தில் ஆர்மரராக இருபது வருடத்துக்கு மேல் துப்பாக்கி பழுது பார்த்துவிட்டு குன்னூரில் வந்து உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதி நேரம் குறை பிள்ளையிடம் இல்லை, அந்தப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிற துப்பாக்கியின் மரக்கட்டையில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கோத்தகிரி பக்கம், பதினொன்றாம் வகுப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டுச் சேர்ந்தவள். ஏப்ரலில் ஐந்து குண்டையும் ஒரு ரூபாய் நாணயம் மறைக்கிற இடத்தில் போட்டாள். நவம்பர் மழையில் அதே பெண், அதே துப்பாக்கி, அதே தோட்டா, ஆனால் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டு கிடந்தன. மூச்சு சரியில்லை, விரல் இழுக்கிறது என்று ஆளாளுக்குத் திட்டியிருக்கிறார்கள். "சார், நான் ஒண்ணும் மாத்தி செய்யலையே" என்று என்னிடம் வந்து அழுதாள்.

குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு துப்பாக்கியை மேஜையில் வைத்தேன். குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் ஒரு துண்டுத் தாளை நுழைத்துத் தள்ளினால், தடையில்லாமல், தோட்டா போட்டுச் சுடுகிற இரும்புப் பாகமான ஆக்‌ஷன் பக்கம் வரை போக வேண்டும். பாதியிலேயே முட்டி நின்றது. அப்புறம் கட்டையும் குழலும் சேருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இரண்டையும் பிணைக்கிற முன் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்தினேன். குழல் விரலுக்கடியில் துள்ளி எழுந்தது. இத்தனை நாளும் அந்த இரும்பு வளைந்தபடியே ஸ்க்ரூவில் கட்டுண்டு கிடந்திருக்கிறது!

காரணம் பெரிய ரகசியம் இல்லை. மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, குறுக்கே உப்பும். வெளியே பளபளவென்று வார்னிஷ் இருக்கும், ஆக்‌ஷன் உட்காருகிற உள்குழியில் பெரும்பாலும் பூச்சில்லாத வெறும் மரம்தான், ஈரம் அந்த வழியாகத்தான் போகிறது. கூடலூர் பக்கம் ஜூன் முதல் மழை, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர் நவம்பரில், ஜனவரியில் ஊட்டியில் உறைபனியும் வறண்ட காற்றும். உப்பிய மரம் ஸ்க்ரூ அழுத்தத்தில் நசுங்கும், வறண்டதும் சுருங்கி ஸ்க்ரூ தளரும், உடனே யாராவது கைபலத்தில் இறுக்குவார்கள், ஆக்‌ஷன் இன்னும் வளையும். ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பு கொஞ்சம் கொஞ்சம் வேறு இடத்தில் போய் உட்காரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 சென்டிமீட்டர் குழலின் முனை 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமன், ஒதுங்கினால் 50 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தள்ளி விழும். அந்த இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான், வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர். ஒரு தாள் தடிமனுக்கு ஒரு புள்ளி போய்விடுகிறது, திட்டு மட்டும் அந்தப் பெண்ணுக்கு.

இதற்கு மருந்து பெட்டிங் (bedding), அதாவது இரும்புக்குக் கட்டையில் அசையாத படுக்கை அமைப்பது. உள்குழியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஸ்க்ரூ போகிற துளைகளில் அலுமினியக் குழாய்த் தூண்களை நிறுத்தி, உலோகத் தூள் கலந்த எபாக்சிப் பசையை நிரப்பி, அதன்மேல் ஆக்‌ஷனை எந்த அழுத்தமும் இல்லாமல் உட்கார வைத்து ஒரு நாள் முழுக்க இறுக விடுவார்கள். இரும்பின் அச்சு அப்படியே படிந்துவிடும். பிறகு ஸ்க்ரூவை இறுக்கும்போது நசுங்க மரம் இல்லை, குழலும் எங்கும் படாமல் தனியாக நிற்கும். பழைய .303 ராணுவ ரைஃபிளில் முன்கட்டைக்குக் குறுக்கே இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை கூடுதலாக ஒரு ஸ்க்ரூ போட்டதே கட்டை பிளக்காமல் இருக்கத்தான். நம் நாட்டு ஈரத்தில் மரம் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சொன்னதைக் கேட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஒரு இடத்தில் ஹார்டுவேர் கடைப் பசையை ஊற்றி, இரும்பு ஒட்டாமல் இருக்க மெழுகு தடவ மறந்து, ஸ்க்ரூ துளைகளைக் களிமண்ணால் அடைக்காமலும் விட்டு, ஆக்‌ஷனும் கட்டையும் ஒரே துண்டாகிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். நல்ல வால்நட் கட்டையை உளி வைத்துப் பிளந்து எடுக்க வேண்டியதாயிற்று, அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆயுதச் சட்டம் 1959-ன்படி துப்பாக்கி பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும், அதனால் உரிமம் உள்ள, கை பழகிய ஆளிடம் மட்டும் கொடுங்கள். நல்ல ஆள் வாங்கியவுடன் செதுக்க ஆரம்பிக்க மாட்டார். குழல் வாயில் அடிபட்டிருக்கிறதா, குறி பார்க்கிற சைட் ஆடுகிறதா, தோட்டா மாற்றினால் ஓட்டைகள் நெருங்கிச் சேர்கின்றனவா என்று முதலில் பார்ப்பார், ஏனென்றால் அந்தக் கோளாறுகளை எந்த பெட்டிங்கும் தீர்க்காது.

இப்போது என் கோரிக்கை. இங்கிருந்து ஒரு துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கீழே சமவெளிக்குக் கொண்டு போக வேண்டுமானால் உரிமக் காகிதம், பொறுப்பாளர், வண்டி என்று ஒரு முழு நாள் போகிறது, அதனாலேயே கிளப்புகள் தள்ளிப் போடுகின்றன. அருவங்காட்டில் நூறு வருடத்துக்கும் மேலாக வெடிமருந்து செய்கிறோம், வெலிங்டனில் ராணுவப் பயிற்சி மையம் இருக்கிறது, இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டை பார்க்க ஆள் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. விளையாட்டுத் துறை வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் மழை ஓய்ந்த பின்னும், உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கி மெக்கானிக்கை மலைக்கு அனுப்பி வைக்கட்டும். ஒவ்வொரு கிளப்பும் அளவு வைத்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் (torque wrench) ஒன்று வாங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் ஸ்க்ரூவை இறுக்கி, தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கட்டும். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆர்மரர்கள் வெலிங்டனைச் சுற்றி இருக்கிறோம், கிளப் பொறுப்பாளர் முன்னிலையில் தாள் விட்டுப் பார்த்து எது கெட்டது எது நல்லது என்று பிரித்துச் சொல்ல ஒரு பைசா வாங்க மாட்டோம்.

அந்தப் பெண்ணின் துப்பாக்கி பிப்ரவரியில் பெட்டிங் முடிந்து வந்தது. அடுத்த நவம்பர் மழையில், குளிரில் விரல் விறைத்த ஒரு காலையில், ஐந்து குண்டு சுட்டு அட்டையை என்னிடம் கொண்டு வந்து நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து வைத்துப் பார்த்தேன், ஐந்தும் மறைந்தன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவ ஆர்மரர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.