மூன்று வரி பேட்ச்களை இணைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களுக்கு,

வணக்கம். புதிய மாற்றங்களைக் கெர்னலில் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ நெருங்கும்போது உங்கள் தலையில் வந்து விழும் பேட்ச்களின் (நிரல் மாற்றங்களின்) குவியல் தெரியாததல்ல. அந்தக் குவியலில் மூன்று வரி பேட்ச் கண்ணில் பட்டால், ‘சின்னதுதானே’ என்று இணைத்துவிடத் தோன்றும். அந்தச் ‘சின்னதுதானே’ பற்றித்தான் எழுதுகிறேன்.

சாதனத்துக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ரெஜிஸ்டர் ஒன்றைப் படித்து, மதிப்பை ஒரு மாறியில் போட்டு, அதன்பின் எங்கும் பயன்படுத்தாத வரி பல டிரைவர்களில் இருக்கும். கம்பைலர் எச்சரிக்கும். யாராவது அந்த வரியையே தூக்கிவிட்டு பேட்ச் அனுப்புவார். கம்பைல் ஆகும்; பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவியும் வாய் திறக்காது. ஆனால் படித்தாலே இன்டரப்ட் பிட் (சாதனம் கவனம் கேட்டதைக் குறிக்கும் பிட்) அழிந்துவிடும் ரெஜிஸ்டர்கள் உண்டு. சாதனங்களை இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் நாம் எழுதும் மதிப்பு வழியில் எங்காவது தேங்கி நிற்கலாம். அதே சாதனத்திலிருந்து ஒருமுறை படித்தால்தான் போய்ச் சேர்ந்தது உறுதியாகும். தூக்கிய வரி இதில் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது? மாறியை மட்டும் நீக்கி, படிப்பதை விட்டுவைத்து, ஏனென்று ஒரு கமென்ட் போட்டிருக்க வேண்டும்.

இன்டரப்ட்டை, தானாகவே விடுவித்துவிடும் ‘டெவ்எம்’ வகை ஃபங்ஷனுக்கு மாற்றும் பேட்ச்கள் இன்னும் மோசம், பார்க்க அழகாக இருப்பதால். அப்படி மாற்றினால், டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகே இன்டரப்ட் விடுவிக்கப்படும். ரிமூவ் அதற்குள் சாதனத்தை இயக்கும் துடிப்பான கிளாக்கை நிறுத்தியிருந்து, இடையில் ஒரு இன்டரப்ட் வந்தால்? இன்டரப்ட்டைக் கவனிக்கும் ஹேண்ட்லர், கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைத் தொடும். சில சிப்களில் சிஸ்டமே உறைந்துபோகும். மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பில் தெரிவதோ நாலு வரி குறைந்தது மட்டும்.

ஆகவே, ரெஜிஸ்டரைத் தொடுகிற, அல்லது விடுவிக்கும் வரிசையை மாற்றுகிற பேட்ச் எதுவானாலும், எந்த வன்பொருளில் சோதித்தது என்பதை பேட்சோடு வரும் கமிட் செய்தியில் எழுதச் சொல்லுங்கள். கம்பைல் மட்டும்தான் செய்தார் என்றால் அதையே எழுதட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சிப் யார் கையிலும் இல்லையா? வெறும் சுத்தப்படுத்தும் பேட்சை விட்டுவிடுங்கள். ஓடுகிற பழைய டிரைவர் அழகில்லாமல் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. (கெர்னல் முழுக்க ஏபிஐ, அதாவது டிரைவர்கள் அழைக்கும் ஃபங்ஷன்கள் மாறும்போது வேறு வழியில்லை, அது தனிக் கதை.)

சுத்தப்படுத்தும் பேட்சில் பிழையைத் திருத்துவதாகச் சொல்லும் ‘ஃபிக்சஸ்’ டேக் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதை நம்பி ஏற்கெனவே வெளியான ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் கொண்டுபோய்விடுவார்கள்.

மறுக்கும்போது பதிலே போடாமல் இருந்துவிடாதீர்கள். ‘இங்கே படிப்பது, எழுதியது சாதனத்துக்குப் போய்ச் சேர்வதற்காக’ என்று ஒரு வரி போதும். அனுப்பியவர் அந்தக் கமென்ட்டையே அடுத்த பேட்சாக அனுப்பக்கூடும். அதை யோசிக்காமல் இணைக்கலாம்.

இப்படிக்கு,
டிரைவர் பேட்ச்களை ரிவ்யூ செய்யும் ஒருவன்