முகம் தெரிய வேண்டும்: நயோமி சிம்ஸ் பற்றி ஒரு திறந்த மடல்

பேஷன் இதழ்களின் ஆசிரியர்களுக்கும், மாடல் ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மதுரையில் இருபது வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். நியூயார்க்கையோ பாரிஸையோ நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் உங்களுக்கு எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் என் கையில் கொடுத்த பெட்டியில் பவுண்டேஷன் எல்லாமே வெளிர் நிறம். தனியாக நான் மேக்கப் போட்ட முதல் மணப்பெண் நல்ல கறுப்பு. சொல்லிக்கொடுத்தபடியே பூசினேன். முகம் திருநீறு அப்பினது போல் வெளுத்துப்போய், கழுத்து வேறு, முகம் வேறு என்று நின்றது. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முழுவதையும் துடைத்து எடுத்துவிட்டு, வெறும் மையும் பொட்டும் வைத்து அனுப்பினேன்.

அன்றிலிருந்து கறுத்த தோலுக்கு மேக்கப் போடுவதைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். அப்படித் தேடியபோதுதான் அமெரிக்கக் கறுப்பின மாடல் நயோமி சிம்ஸ் கிடைத்தார். அவர் வாழ்க்கையை நீங்கள் எழுதும் விதம் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் கட்டுரைகளில் அவர் எப்போதும் ஒரு ‘முதல்’. 1968 நவம்பரில் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க இல்லத்தரசிகள் வீட்டுக்கு வரவழைத்துப் படித்த பத்திரிகை அது. அதன் அட்டையில் அந்த முகம் வந்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. அடுத்த வருடம் அக்டோபர் 17 தேதியிட்ட ‘லைப்’ இதழின் அட்டையிலும் அவரே இருந்தார். ஆனால் நீங்கள் எழுதும்போது ஏதோ ஒரு பெரிய மனதுக்காரர் கதவைத் திறந்துவிட்டார், இவர் உள்ளே வந்தார் என்பது போல் இருக்கிறது. நடந்தது அப்படியில்லை.

1948 மார்ச் 30 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு ஊரில் பிறந்தவர் அவர். பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவோடு பிட்ஸ்பர்க் வந்தார். அங்கே அம்மாவும் அவரை வைத்துக் காப்பாற்ற முடியாமல் போனதால் வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தார். 13 வயதிலேயே 5 அடி 10 அங்குல உயரம். அந்த உயரத்துக்காகவே மற்றப் பிள்ளைகள் ஒதுக்கினார்கள். 1966இல் உதவித்தொகையோடு நியூயார்க்கின் பேஷன் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்து, மாலை நேரத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியலும் படித்தார். கையில் காசு இல்லை. மாடலிங் செய்து பார் என்று அங்கே ஆலோசனை சொன்னார்கள்.

ஏஜென்சிகளுக்குப் போனார். வரிசையாக இல்லை என்றார்கள். தோல் மிகவும் கறுப்பு என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

இந்த இடத்தில் அவர் செய்ததைத்தான் உங்கள் கட்டுரைகள் அரை வரியில் தாண்டிப் போகின்றன. ஏஜென்சிகளை விட்டுவிட்டு நேராகப் புகைப்படக்காரர்களிடம் போனார். கோஸ்டா பீட்டர்சன் என்பவர் அவரைப் படம் எடுக்கச் சம்மதித்தார். 1967 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பேஷன் இணைப்பில் அந்தப் படம் அட்டையாக வந்தது. அதற்குப் பிறகும் வேலை வந்து குவிந்துவிடவில்லை. அப்போது வில்ஹெல்மினா கூப்பர் என்ற முன்னாள் மாடல் சொந்தமாக ஏஜென்சி தொடங்கிக்கொண்டிருந்தார். சிம்ஸ் அவரிடம் போய் ஒரு பேரம் பேசினார். இந்த இணைப்பின் பிரதிகளை விளம்பர நிறுவனங்களுக்கு நானே அனுப்புகிறேன். அதோடு உங்கள் தொலைபேசி எண்ணை இணைத்துவிடுகிறேன். யாராவது கூப்பிட்டால் கமிஷன் உங்களுக்கு. இதுதான் பேரம். கூப்பரின் பக்கம் செலவும் இல்லை, நட்டமும் இல்லை. உழைப்பு முழுக்க 19 வயதுப் பெண்ணுடையது. தன்னையே விளம்பரப்படுத்தி, தன் ஏஜென்சிக்குத் தானே வேலை பிடித்துக் கொடுத்த பெண்ணை நீங்கள் ‘கண்டெடுக்கப்பட்டவர்’ என்று எப்படி எழுதலாம்?

கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் வாரத்துக்கு 1000 டாலர் சம்பாதித்தார்.

ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில், பில் பிளாஸ் வடிவமைத்த உடையில் அவர் வந்தார். அந்த விளம்பரம்தான் தனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக உதவியது, ஏனென்றால் அது தன் முகத்தைக் காட்டியது என்று பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். எத்தனை எளிமையான காரணம் பாருங்கள். படித்தபோது என் பெட்டியின் முன்னால் தலை குனிந்த அந்த மணப்பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

முகத்தைக் காட்டுவது அன்றைக்குச் சாதாரணமில்லை. டெட்ராய்ட்டிலிருந்து வந்த கறுப்பின மாடல் டோன்யேல் லூனா 1965 ஜனவரி ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ அட்டையில் இடம்பெற்றார். ஆனால் அது புகைப்படமில்லை, வரைந்த படம். 1966 மார்ச்சில் பிரிட்டிஷ் ‘வோக்’ அட்டையில் அவரைப் புகைப்படமாகவே போட்டார்கள், எடுத்தவர் டேவிட் பெய்லி. அதில் லூனாவின் கை முகத்தின் குறுக்கே இருக்கிறது. விரல்களுக்கு நடுவே ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கிறது. மூக்கும் உதடும் மறைந்துவிட்டன. அழகான படம்தான். ஆனால் கறுப்பினப் பெண் என்று உடனே தெரியக் கூடாது என்பதற்காகவே அந்தக் கை என்று பலர் எழுதியிருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. லூனா 1979இல் ரோமில் இறந்தபோது வயது 33.

சரி, இவர்களுக்கு முன்னால் யாருமே இல்லையா? இருந்தார்கள். 1946இலேயே ஒபீலியா டிவோர் நண்பர்களோடு சேர்ந்து கறுப்பின மாடல்களுக்காக நியூயார்க்கில் கிரேஸ் டெல் மார்கோ ஏஜென்சியைத் தொடங்கினார். அங்கே தேர்ந்தவர்களில் ஹெலன் வில்லியம்ஸ் நல்ல கறுப்பு. கறுப்பினப் பத்திரிகைகள்கூட வெளிர் நிறப் பெண்களையே தேடிய 1950களில் நின்று காட்டியவர். அமெரிக்காவில் வழி கிடைக்காமல் பாரிஸ் போனார். டியோர் நிறுவனத்துக்கு மாடலாக இருந்தார். திரும்பி வந்து நியூயார்க்கில் ஓர் ஏஜென்சியின் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது, எங்களிடம் ஏற்கெனவே ஒரு கறுப்பின மாடல் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். ‘ஒருவர் இருக்கிறார், போதும்’ என்ற அந்தக் கணக்கு இருக்கிறதே, அதுதான் ‘முதல்’ என்ற பட்டத்தின் மறுபக்கம். ஒரு முதலைக் கொண்டாடிவிட்டால் இரண்டாவது தேவைப்படுவதில்லை. சிம்ஸின் அட்டைப்படம் வந்து ஆறு வருடம் கழித்து, 1974 ஆகஸ்டில், அமெரிக்க ‘வோக்’ அட்டையில் பெவர்லி ஜான்சன் வந்தபோது அங்கேயும் ஒரு ‘முதல்’ எழுதினீர்கள்.

என் தொழிலோடு தொடர்புடையது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் போட்டோ பிரிண்ட் போடும் இடங்களுக்கு கோடாக் நிறுவனம் ஒரு அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று அர்த்தம். ‘ஷெர்லி’ அட்டை என்று பெயர். கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் இருட்டாகவே விழுந்தன. பழுப்பு நிறங்கள் சரியாக வர வேண்டும் என்று பிலிமை மாற்றச் சொல்லி முதலில் அழுத்தம் கொடுத்தது சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும்தான் என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மனித முகத்துக்காக அசையாத தொழில் மேசைக்காக அசைந்திருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிம்ஸின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அட்டைப்படம் அல்ல, அவர் வீட்டு அடுப்பங்கரை. அன்றைக்குக் கடையில் விற்ற விக் எல்லாம் வெள்ளையர் முடியின் வாகில் இருந்தன. கறுப்பினப் பெண்களின் நேராக்கிய முடி அப்படி வழுவழுவென்று விழாது. செயற்கை இழையை வீட்டு ஓவனில் வைத்து வாட்டி வாட்டிப் பார்த்தார், சரியான பதம் வரும்வரை. பதம் பார்ப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஒரு நிமிடம் கூடினால் பொசுங்கும், குறைந்தால் பிடிக்காது. 1973இல், மாடலாக உச்சத்தில் இருந்தபோதே, அந்தத் தொழிலை விட்டு விக் தொழிலில் இறங்கினார். அது பெரிய வணிகமானது. பிறகு வாசனைத் திரவியமும் அழகுசாதனங்களும் வந்தன. 1976இல் கறுப்பினப் பெண்களின் உடல்நலமும் அழகும் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். மாடலிங்கை விடுவதற்கு முந்தைய வருடம், 1972இல், ஒரு திரைப்படத்தில் தலைப்புப் பாத்திரமே தேடி வந்தது. கதையில் கறுப்பினத்தவரைக் காட்டியிருந்த விதம் பிடிக்காமல் வேண்டாம் என்றுவிட்டார். படம் எடுக்கிறவர்கள் தன்னை எப்படிக் காட்டலாம் என்று முடிவு செய்யும் உரிமையை அவர் யாருக்கும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை.

2009 ஆகஸ்ட் 1 அன்று நியூஜெர்சியின் நியூவார்க்கில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 61.

அவர் வேலையை முடித்துவிட்டுப் போனாரா? இல்லை. 2013 செப்டம்பரில் முன்னாள் கறுப்பின மாடல் பெத்தன் ஹார்டிசன், மாடல்கள் இமானும் நயோமி கேம்ப்பெல்லும் துணை நிற்க, நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் நான்கு ஊர்களின் பேஷன் அமைப்புகளுக்கும் மடல் எழுதினார். மேடையில் கறுப்பின மாடல்களே இல்லாமலும், ஒரே ஒருவரை மட்டும் வைத்தும் காட்சி நடத்திய வடிவமைப்பாளர்களின் பெயரையே வெளியிட்டார். நோக்கம் எதுவானாலும் விளைவு இனவெறிதான் என்று அதில் இருந்தது. ஒருவர் போதும் என்று ஹெலன் வில்லியம்ஸைத் திருப்பி அனுப்பிய அதே கணக்கு, ஐம்பது வருடம் தாண்டியும். 2015இல் தெற்கு சூடானில் பிறந்த மாடல் நைகோர் பால், வெள்ளைப் பெண்கள் வெறும் கையோடு வந்து உட்காரும்போது நான் மட்டும் ஏன் என் மேக்கப்பைச் சுமந்துகொண்டு வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு மேக்கப் போடுகிறவளாக என் பதில்: சுமக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். கறுத்த தோலுக்கு ஷேடு இல்லாமல் பெட்டியை மூடுகிறவருக்கு வேலை தெரியவில்லை என்று பொருள். அவரை நீங்கள் அமர்த்தக் கூடாது. மாடலிடம் ‘உங்களுடையதைக் கொண்டு வாருங்கள்’ என்று சொல்லும் ஏஜென்சி, 1967இல் தன் பிரதிகளைத் தானே தபாலில் போட்ட பெண்ணிடம் வாங்கிய அதே இலவச உழைப்பை இன்றும் வாங்குகிறது. படப்பிடிப்புக்கு ஆள் பிடிக்கும்போதே சுருள் முடியைக் கையாளத் தெரிந்தவர் இருக்கிறாரா, கறுப்பிலேயே பத்து ஷேடு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கறுப்பு ஒரே நிறம் இல்லை. கீழே சிவப்போடும், மஞ்சளோடும், நீலத்தோடும் ஓடும் கறுப்புகள் உண்டு. ஒன்றுக்குப் போட்டது மற்றொன்றுக்கு ஒட்டாது.

ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த முறை சிம்ஸின் பெயரைப் போடும்போது, உங்கள் அட்டையின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு மற்றதைச் சுருக்காதீர்கள். அவரை வேண்டாம் என்றவர்களைப் பற்றியும் எழுதுங்கள். உங்கள் இதழின் பழைய பிரதிகளை நீங்களே எடுத்துப் பார்த்து, ஒரு ‘முதல்’ வந்த பிறகு இரண்டாவது வர எத்தனை மாதம், எத்தனை வருடம் ஆனது என்று எண்ணி, அந்த எண்ணை அதே பக்கத்தில் அச்சிடுங்கள். அந்தத் தொலைபேசி எண்ணின் கதையையும் ஓவனின் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள். அதற்கு எத்தனை பக்கம் ஆனாலும் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மேக்கப் கலைஞர்